கருப்பு-சிவப்புப் பானையின் காலம்

அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழ மன்னர்களின் ஆட்சியாண்டுகளும் செங்கம் பகுதி நடுகற்களில் பல்லவரின் ஆட்சியாண்டுகளும் பொறிக்கப்பட்டிருப்பதால், திருவண்ணாமலை வட்டாரத்தின் வரலாற்றைக் கடந்த ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு எழுத்தைக் கொண்டே வரிசைப்படுத்திவிடலாம். அதற்கும் முற்பட்ட காலத்துக்குக் கஞ்சி காய்ச்சியும் நீர் மொண்டும் உடைந்துபோன பானைகளின் ஓடுகளே முதற்சான்று. செம்பை உருக்கி மறுபடி வார்க்கலாம். சுட்ட மண்ணோ உடைந்த இடத்திலேயே கிடந்து மண்ணடுக்கின் பகுதியாகிவிடுகிறது.

இறந்தோருக்குப் பெருங்கற்களை அடுக்கிச் சின்னம் எழுப்பிய காலத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவது கருப்பு-சிவப்புப் பானை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கரியேறிக் கறுக்க, காற்றுப்பட்ட வெளிப்புறம் களிமண்ணிலுள்ள இரும்பினால் சிவக்கிறது. இந்நுட்பம் பல நூற்றாண்டுகள் நீடித்தமையால், அடுக்குகளில் எது முந்தியது, எது பிந்தியது என்ற முறையை ஓடு காட்டுமேயன்றி ஆண்டைச் சொல்லாது.

ஆண்டுக் கணக்கு முதலில் கடல் கடந்தே வந்தது. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, இத்தாலியின் அரெஸ்ஸோ நகர்ப் பெயரால் வழங்கும், குயவர் முத்திரையிட்ட செந்நிறக் கலத்துண்டுகள் கிடைத்தன. அவற்றின் காலம் ஐரோப்பாவில் முன்பே அறியப்பட்டிருந்ததால், உருள்கருவியால் வட்டக் குறிகள் பதித்த ரௌலட்டட் தட்டுகளுக்கும் அவற்றையொட்டியே அவர் காலம் வகுத்தார். இக்கணக்கின் துணையுடன் 1947இல் கர்நாடகத்துப் பிரம்மகிரியின் பெருங்கற்காலம் கி.மு. 200 அளவில் தொடங்கியதாக அவர் கொண்டார். பின்னர் தொல்லியலாளர் விமலா பெக்லி, ரௌலட்டட் தட்டுகளே கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தோன்றிவிட்டன என வாதிட்டார். ரோமானியக் கலத்துண்டு அருகில் இல்லையேல் தமிழகத்துப் பானைக்குக் காலமே இல்லை என்ற நிலை இத்தனை காலம் நீடித்தது விந்தைதான்.

அந்நிலையை ஆய்வகக் கணிப்பு மாற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசியை அடுத்த கீழ்நமண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த ஈமப்பேழையின், அதாவது சுடுமண்ணாலான சவப்பெட்டியின், கரித்துண்டு கி.மு. 1692 எனக் கணிக்கப்பட்டதாக 2025 சனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை கூறுகிறது.

எனினும், கரி காட்டுவது அது எந்த மரத்திலிருந்து வந்ததோ அம்மரம் உயிரோடிருந்த காலத்தை. முதிர்ந்த மரத்தின் உள்வயிரம் எரிக்கப்பட்டிருந்தால் கணிப்பு புதைப்புக்கு வெகு முன்னே சென்றுவிடக்கூடும். ஆகவே களிமண் கடைசியாகச் சூடேறிய காலத்தை அளக்கும் ஒளிர்வுமுறையில் ஓட்டையே சோதிப்பது பொருத்தமானது. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையில் அவ்வாறு சோதித்த ஓடுகள் கி.மு. 2459, 2427 என்ற ஆண்டுகளைத் தந்தன. அவ்வூரின் மிகப் பழைய கரித்துண்டு தந்த ஆண்டோ கி.மு. 3345.