குயின் பீயும் மட்டக்களப்பு வாவியும்

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 9ஆம் நாள், மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே, பிரித்தானியக் கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பலாகிய ‘ஹேர்மிஸ்’ யப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி மூழ்கிற்று. விமானந்தாங்கி என்னும் பெயரைச் சுமந்த அக்கப்பல், திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வெளியேறியபோது தன்மீது ஒரு விமானத்தையேனும் கொண்டிருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கப்பலின் பீரங்கிகள் மட்டும் வான்வழி வரும் பகையைத் தடுக்க வல்லனவா என்று கடற்படையினர் நெடுங்காலம் வாதிட்ட வினாவுக்கு, மட்டக்களப்புக் கடல் அளித்த கொடிய விடை அது.

அவ்வினாவே ஆளில்லா விமானத்தின் வரலாற்றிலும் முக்கியமான ஓர் இடத்தைப் பெறுகின்றது. பீரங்கியாளர் குறிபார்த்துப் பழகுவதற்கு வானிலே பறக்கும் இலக்கு ஒன்று வேண்டும்; ஆனால் அதனுள் மனிதன் இருத்தலாகாது. இத்தேவையை நிறைவு செய்ய 1935ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டி ஹாவிலண்ட் நிறுவனம் ‘குயின் பீ’, அதாவது ‘இராணித் தேனீ’ என்னும் விமானத்தை அமைத்தது. மரத்தாலான உடலும் இரட்டைச் சிறகும் கொண்ட இவ்விமானம் வானொலி அலைகளால் இயக்கப்பட்டது. தொலைபேசியில் இலக்கத்தைச் சுழற்றுவதுபோல நிலத்திலிருப்பவர் ஒரு வட்டைச் சுழற்ற, வானிலே விமானம் திரும்பும், ஏறும், இறங்கும். இன்று நாம் வழங்கும் ‘ட்ரோன்’ என்னும் ஆங்கிலச் சொல் ஆண்தேனீயைக் குறிப்பது. இராணித் தேனீயின் பெயரைத் தொட்டே அச்சொல் இப்பொறிகளுக்கு வந்தது என்பர்.

குயின் பீயை அமைத்தவர்கள் அது இறங்கும் முறையைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருந்தனர் என்பதே இங்கு கருதத்தக்கது. அதற்கு முன்னர், 1918ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சார்ள்ஸ் கெட்டரிங் என்பார் அமைத்த ஆளில்லா விமானமும் தானாகவே இறங்கியது. ஆனால் அது வீழ்ந்து அழிவதற்காகவே இறங்கியது. எஞ்சின் எத்தனை முறை சுழன்றது என்று எண்ணி, குறித்த எண் நிறைந்ததும் எஞ்சினை நிறுத்திச் சிறகுகளைக் கழற்றிவிடும் ஏற்பாடு அது. குயின் பீயோ பிழைப்பதற்காக இறங்கியது. கடற்படையின் பயிற்சிக்குச் சென்றவற்றிற்குச் சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகள் பொருத்தப்பட்டன. வால்போலத் தொங்கும் வானொலிக் கம்பியின் நுனியிலுள்ள பாரம் மேற்பரப்பைத் தொட்டதும், விமானத்தின் மூக்கு மெல்ல நிமிர்ந்து, அது தணிந்து அமரும். தன் கீழே தண்ணீர் இருக்கும் என்பதை அறிந்து செய்யப்பட்ட பொறி அது.

இன்று மட்டக்களப்பு வாவியின் மேல் பறக்கும் சிறு ட்ரோன்களுக்கு அந்த அறிவு பெரும்பாலும் இல்லை.

காரணம் அவற்றின் உணவு மாறியமையே. குயின் பீ பெற்றோலால் ஓடியது. பெற்றோலின் கடைசித் துளியும் முதல் துளியைப் போன்றே வலுத் தரும். மின்கலத்தின் இயல்பு வேறு. இன்றைய ட்ரோன்களைத் தாங்குவது இலிதிய மின்கலம். 1991ஆம் ஆண்டில் வணிகத்துக்கு வந்தது. அதற்கு வழிகோலிய விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ என்னும் மூவருக்கும் 2019ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு வழங்கப்பட்டது. இம்மின்கலம் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 4.2 வோல்ற் அழுத்தம் காட்டும். 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் கெடத் தொடங்கும். பல கலங்கள் தொடராக இணைக்கப்படுவதால், அவற்றுள் நலிந்த ஒன்றே முழு அடுக்கின் ஆயுளையும் முடிவு செய்கின்றது. காற்றை எதிர்த்து மோட்டர்கள் வலுவை அவாவும் வேளையில் அழுத்தம் சட்டென்று சரியும். மீதி 30 வீதம் என்று திரை காட்டும்; நலிந்த கலமோ எல்லையைத் தொட்டுவிட்டிருக்கும்.

மின்சாரம் எட்டாத கிராமங்களில் முன்னாளில் பற்றரியால் ஓடிய வானொலிப் பெட்டிகளை மூத்த நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பற்றரி சோர்ந்தால் பாடகரின் குரல் மங்கும், பின்னர் அடங்கும். கேட்டவர்க்கு நேர்ந்த தீங்கு அவ்வளவே. நான்கு சுழலிகளால் நிற்கும் ட்ரோனுக்கோ மிதந்து சரியும் சிறகில்லை. வலு நின்றால் அது கல்லைப்போல விழும். ஆதலாலேயே அதனை ஆக்கியோர் ஒரு விதியை உள்ளே எழுதி வைத்தனர்: மின்கலம் தளரின் முதலில் எச்சரிக்கும், பின்னர் புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முயலும், அதற்கும் வலுவில்லையெனில் எங்கே நிற்கின்றதோ அங்கேயே இறங்கும். இயக்குவோனுக்கு எதிர்பாராததாகத் தோன்றும் இறக்கம், பொறியைப் பொறுத்தவரை முன்னரே தீர்மானிக்கப்பட்டதாகும்.

அவ்விதியையும் மின்கலம் ஏமாற்றியதுண்டு. 2018ஆம் ஆண்டு ஒக்ரோபரில், ‘மெட்ரிஸ் 200’ வகை ட்ரோன்கள் சில, போதிய மின் மீதியிருப்பதாகக் காட்டிக்கொண்டே நடுவானில் வலுவிழந்து விழுந்தமையால், பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரிகள் எச்சரிக்கை விடுத்தனர். அங்கே தானியங்கி இறக்கம் தொடங்குவதற்கே நேரம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சனவரியில் சுவிற்சர்லாந்தின் அஞ்சல் துறைக்காக மருத்துவப் பொதி கொண்டுசென்ற ட்ரோன் ஒன்று, தனக்குள் பழுது கண்டு, விதிப்படி பரசூட்டை விரித்தது. விதி பிழைக்கவில்லை, ஆனால் கீழே இருந்தது சூரிச் ஏரி.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் நிலையும் அத்தகையதே. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையில் எழுவான்கரை. மேற்கே வயல்கள் விரிந்த படுவான்கரை. தென்மேற்குப் பருவத்தில் மலைகளைக் கடந்து வெப்பமாய் வீசும் கச்சான் காற்று, படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கும் அப்பால் கடலுக்கும் தள்ளும். தோணிக்காரர் இதனை யாரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. ட்ரோன் ஏவுவோர் மறந்துவிடுகின்றனர்.

கணக்கொன்றைப் பார்ப்போம். செக்கனுக்கு 12 மீற்றர் செல்லும் ட்ரோன் ஒன்று 2 கிலோமீற்றர் சென்று திரும்புகின்றது எனக் கொள்வோம். காற்றில்லா நாளில் போக 167 செக்கன், வரவும் 167. கச்சான் செக்கனுக்கு 6 மீற்றர் வேகத்தில் வீசினால், காற்றோடு போவதற்கு 111 செக்கன் போதும். எதிர்த்து வருவதற்கோ 333 செக்கன் ஆகும். போனதைப்போல மும்மடங்கு! பாதி மின்சாரம் மீதியிருக்கத் திரும்பினால் போதும் என்று எண்ணுபவனை, போகும்போது துணைநின்ற காற்றே வஞ்சிக்கின்றது. தரையில் இலை அசையாத வேளையிலும் நூறு மீற்றர் உயரத்தில் காற்று வலுத்திருக்கலாம்.

வாவி வைக்கும் பொறி வேறொன்றும் உண்டு. இறங்கும் ட்ரோன் தன் அடியிலுள்ள கமராவால் தரையின் கோலத்தைப் பார்த்தே நிலைகொள்ளும். அலைநெளியும் நீரிலும், வெயில் தெறிக்கும் நீரிலும் நிலையான கோலம் இல்லை. ஆகவே பொறி தடுமாறும்; அல்லது நீரையே தரையென்று கொண்டு அமைதியாக அமரும்.

இது பொழுதுபோக்குவோரின் இழப்பு மாத்திரமன்று. 1978ஆம் ஆண்டு நவம்பரில் சூறாவளியும், 2004ஆம் ஆண்டு திசெம்பரில் ஆழிப்பேரலையும் சிதைத்த கரை இது. பேரலையில் நாவலடி பட்ட பாட்டை அறியாதார் இலர். வெள்ளம் எங்கே தேங்கிற்று, கண்டற்காடு எங்கே அழிந்தது, முகத்துவாரத்தில் மணல் எவ்வாறு நகர்ந்தது என்பவற்றை வானிலிருந்து காணும் மலிவான கண் இதுவே. கல்லடிப் பாலத்தருகே மணமக்களைப் படமெடுக்கும் இளைஞனுக்கோ அது முழு முதல், கடனாகவும் இருக்கலாம். கீழே வலை வீசும் மீனவனின் தலைமேல் சுழலும் தகடுகளோடு இறங்குவதும் அதுவே. 2019ஆம் ஆண்டு ஏப்பிரில் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தபின், நான்கு நாள்களில் நாடெங்கும் ட்ரோன் பறத்தல் நிறுத்தப்பட்டது. அனுமதி மீண்டது, ஆனால் வானிலிருந்து எதிர்பாராது இறங்கும் ஒரு பொருளை மக்கள் பார்க்கும் பார்வை முன்னைப்போல் இல்லை.

கச்சான் பருவத்தில் எழுவான்கரையில் நின்று மேற்கு நோக்கி ஏவுபவர், உழைப்பை முதலிற் செலவிட்டு, திரும்பும்போது காற்றின் துணையைப் பெறுகின்றார். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் இக்கணக்கும் தலைகீழாகும். வெயிலில் நிறுத்திய வாகனத்துள் முழுதாக ஏற்றி வைத்த மின்கலம் விரைவில் வீங்கி நலியும். வீங்கியதை வாவியின் மேல் அனுப்புதல் ஆகாது. நீரில் வீழ்ந்த ட்ரோனைத் தோணிக்காரர் மீட்டுக் கொடுத்தாலும், உவர்நீர் புகுந்த மின்கலத்தை உலர்த்தி மறுபடி ஏற்ற முயலலாகாது. அது சில மணி நேரம் வாளாவிருந்து பின்னர் தீப்பற்றுதலும் உண்டு.