சங்கம் இருக்கிற ஊரில் சங்கம் கேட்டவர்கள்



போன வாரம் நம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். "டீச்சர், சீனாவில ஆளுறதே கம்யூனிஸ்ட் கட்சிதானே? அங்க தனியா சங்கம் வைக்க முடியாதாமே, நிஜமா?" என்று கேட்டான். பத்தாம் வகுப்பில் வரலாறு பீரியடில் தூங்கி வழிந்தவன் இப்படி ஒரு கேள்வி கேட்டால் சும்மா விட முடியுமா? போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பழைய கதை. 1922 செப்டம்பரில் ஜியாங்சி மாகாணத்து ஆன்யுவான் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தொழிலாளர் சார்பில் நிர்வாகத்துடன் பேசப் போனவர் லியூ ஷாவோசி என்ற இளைஞர். சம்பள உயர்வோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கூட்டு பேரம் என்று நாம் சொல்கிறோமே, அதுதான் அந்தக் கட்சியின் ஆரம்பப் பாடம். அதே லியூ பின்னாளில் சீனாவின் ஜனாதிபதி ஆனார். கலாசாரப் புரட்சியின்போது ஆன்யுவான் கதையிலிருந்து அவரை அழித்துவிட்டு, மாவோ மட்டும் அங்கே நடந்து போவதுபோல ஓவியம் வரைந்து ஊரெல்லாம் ஒட்டினார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

1949-க்குப் பிறகு அரசுத் தொழிற்சாலை வேலை என்றால் ஆயுசுக்கும் சோறு. இரும்புச் சோற்றுக் கிண்ணம் என்றே அதற்குப் பெயர். சங்கம் ஒன்றே ஒன்று, 1925-ல் பிறந்த அகில சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. அது கட்சிக்குக் கீழே. 1975-லும் 1978-லும் எழுதிய அரசியல் சட்டங்களில் வேலைநிறுத்தம் செய்யும் சுதந்திரம் வார்த்தையாகவாவது இருந்தது. 1982-ல் புதிய அரசியல் சட்டம் வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஷென்சென் போன்ற இடங்களைச் சிறப்புப் பொருளாதார மண்டலங்களாக அறிவித்து, வெளி முதலாளிகளுக்குக் கதவைத் திறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த ஷென்செனில்தான் 1993 நவம்பர் 19-ம் தேதி ஜிலி என்ற பொம்மைத் தொழிற்சாலை எரிந்தது. ஹாங்காங் முதலாளி, இத்தாலிக் கம்பெனிக்கு ஏற்றுமதி. ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. பொருள் திருட்டுப் போகக் கூடாதாம். 87 பேர் செத்தார்கள், அநேகமாக எல்லோரும் கிராமத்திலிருந்து வந்த சின்னப் பெண்கள். விபத்துக்குப் பிறகு அவர்களுடைய கடிதங்கள் கொஞ்சம் ஆராய்ச்சியாளர் கைக்குக் கிடைத்தன. அனிதா சான் என்ற அறிஞர் அவற்றைப் படித்து எழுதியிருக்கிறார். அக்காவுக்குத் தங்கை, ஊர்த் தோழிக்குத் தோழி எழுதியவை. சம்பளம் எவ்வளவு, எப்போது தருவார்கள், உன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களா, வீட்டு நினைவாகவே இருக்கிறது, இதுதான் திரும்பத் திரும்ப. ஒவ்வொருத்தியும் தன் கஷ்டத்துக்குத் தனியாக வழி தேடியிருக்கிறாள். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்கு ஓடுவது, அதைத் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வருஷமே, 1994 ஜூலையில், தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. 1995 ஜனவரி 1 முதல் அமல். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், ஓவர்டைம் மாதத்துக்கு 36 மணி நேரத்துக்கு மேல் கூடாது, சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு, விடுமுறை நாளில் மூன்று மடங்குச் சம்பளம். படித்தால் நமக்கே பொறாமை வரும். ஆனால் ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் இதை யார் மதித்தார்கள்?

அடுத்த பெரிய மாற்றம் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம். 2006 மார்ச்சில் வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டார்கள். ஒரே மாதத்தில் 1,91,849 கருத்துகள் வந்து குவிந்தன. பெரும்பகுதி தொழிலாளர்கள் எழுதியது. ஷாங்காயில் இருந்த அமெரிக்க வர்த்தக சபையும் மற்ற வெளிநாட்டு முதலாளிகளும் பலமாக எதிர்த்தார்கள். கம்பெனி விதிகளுக்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும் என்று வரைவில் இருந்தது. கடைசியில் அது "கலந்து பேச வேண்டும்" என்று நீர்த்துப் போனது. மற்றபடி நல்ல சட்டம். 2008 ஜனவரி 1 முதல் எழுத்து ஒப்பந்தம் தராவிட்டால் இரட்டைச் சம்பளம். பத்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தர ஒப்பந்தம். அமலுக்கு வருமுன்பே ஹுவாவே கம்பெனி ஏறத்தாழ 7,000 பழைய ஊழியர்களை ராஜினாமா எழுதித் தரச் சொல்லி, புதிதாகச் சேர்த்துக்கொண்டது. சர்வீஸ் கணக்கு முதலிலிருந்து தொடங்கும் அல்லவா! இப்படி ஒரு மூளை எந்த ஊரிலும் முதலாளிக்கு இருக்கிறது.

அந்த வருஷம் நடுவர் மன்றங்களுக்குப் போன வழக்குகள் ஏறத்தாழ இரண்டு மடங்காகி 7 லட்சத்தை நெருங்கின. தொழிலாளி பயப்படாமல் வழக்குப் போட்டான், ஜெயித்தான். ஆனால் தனியாளாக. சட்டம் அவனுக்குக் கொடுத்ததெல்லாம் தனியாளின் உரிமை. சேர்ந்து நின்று "இந்தச் சம்பளம் போதாது" என்று கேட்பதற்கு வழி இல்லை. சட்டத்தில் "கூட்டு ஒப்பந்தம்" என்ற சொல் உண்டு. ஆனால் அதற்கு முந்திய பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பேரம் அல்ல, "கூட்டு ஆலோசனை". ஆலோசனை சொன்னால் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். பல கம்பெனிகளில் சங்கத் தலைவரே ஒரு மேனேஜராக இருப்பார். 2001-ல் திருத்திய தொழிற்சங்கச் சட்டத்தின் 27-வது பிரிவைப் பாருங்கள். வேலை நின்றுவிட்டால் தொழிலாளர் சார்பில் பேசுவதும் சங்கத்தின் வேலை, உற்பத்தியைச் சீக்கிரம் மறுபடி தொடங்க உதவுவதும் சங்கத்தின் வேலை. ஒரே ஆளை வக்கீலாகவும் எதிர்த்தரப்பு குமாஸ்தாவாகவும் வைத்தது மாதிரி.

இது எப்படி வேலை செய்யும் என்று 2010 மே 17 அன்று தெரிந்தது. ஃபோஷான் நகரத்து நான்ஹாயில் ஹோண்டாவின் கியர்பாக்ஸ் தொழிற்சாலை, ஏறத்தாழ 1,800 பேர். ஹூனான் மாகாணத்து இளைஞர் ஒருவர் காலையில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினார். கேட்டது 800 யுவான் சம்பள உயர்வு. கியர்பாக்ஸ் போகாததால் சில நாட்களில் சீனாவில் ஹோண்டாவின் நான்கு கார் தொழிற்சாலைகளும் நின்றுவிட்டன. வேலை பார்த்தவர்களில் நிறையப் பேர் தொழிற்பள்ளி மாணவர்கள், பயிற்சி என்ற பெயரில் வந்தவர்கள், தொழிலாளர் சட்டம் அவர்களுக்கு இல்லை. அவர்களை வேலைக்குத் திருப்பி அனுப்ப அந்தப் பள்ளி ஆசிரியர்களையே கூட்டி வந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது. நம் பிள்ளைகள் எதிரில் அப்படி நிற்கச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.

மே 31-ம் தேதி மஞ்சள் தொப்பியும் சங்க அடையாள அட்டையுமாக வந்தவர்கள் வேலைநிறுத்தக்காரர்களை அடித்தார்கள். அடித்தது அதிகாரபூர்வச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை ஆட்கள்! மறுநாள் அந்தக் கிளை மழுப்பலாக ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. தொழிலாளர்கள் தாங்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இருபது வயதை ஒட்டிய ஒரு பெண் முன்னால் நின்றாள். இந்தப் போராட்டம் 1,800 பேருக்காக மட்டும் அல்ல என்று திறந்த மடல் வெளியிட்டார்கள். பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சாங் காய் அவர்களுக்கு ஆலோசகராக வந்தார். ஜூன் 4 அன்று ஏறத்தாழ 500 யுவான் உயர்வோடு முடிந்தது. ஜிலி பெண்களின் கடிதங்களையும் இந்தத் திறந்த மடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நடுவில் 17 வருஷம்.

இதன் பிறகு குவாங்டாங் மாகாண அரசே சம்பளப் பேச்சுக்கு ஒரு முறை கொண்டுவரப் பார்த்தது. தொழிலாளரில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டாலே பேச்சு தொடங்க வேண்டும் என்றது 2010 வரைவு. ஹாங்காங் முதலாளிகள் சங்கங்கள் கூச்சல் போட, கிடப்பில் போட்டார்கள். 2014-ல் விதி வந்தபோது பாதிக்கு மேல் பேர் கேட்க வேண்டும் என்று ஆகியிருந்தது. அதே வருஷம் ஏப்ரலில் டோங்குவான் நகரத்து யூ யுவான் ஷூ தொழிற்சாலைகளில் 40,000 பேர் அளவுக்கு வேலையை நிறுத்தினார்கள். கம்பெனி ஓய்வூதியத்துக்குச் சரியாகப் பணம் கட்டாததுதான் காரணம்.

அதோடு காற்று மாறியது. 2015 டிசம்பரில் தொழிலாளருக்குப் பேரம் பேசக் கற்றுக்கொடுத்த குவாங்டாங் தொண்டு அமைப்புகளின் ஆட்களைப் பிடித்தார்கள். 2018-ல் ஷென்சென் ஜாசிக் கம்பெனியில், அதிகாரபூர்வக் கூட்டமைப்பின் கீழேயே ஒரு கிளை தொடங்க முயன்றவர்களை வேலையை விட்டு நீக்கிக் கைது செய்தார்கள். ஆதரித்து வந்த பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்களையும் விடவில்லை. மார்க்ஸ் படித்த மாணவர்கள் என்பதுதான் வேடிக்கை. (நம் நாடு மட்டும் என்ன என்று கேட்பீர்கள். சங்கம் சேரும் உரிமை, கூட்டு பேர உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 87, 98-வது உடன்படிக்கைகளில் சீனாவும் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இடவில்லை. ஆனாலும் இங்கே ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியக் கேட்கலாம், மறுத்தால் கோர்ட்டுக்குப் போகலாம்.)

ஆக தம்பி, உன் கேள்விக்குப் பதில்: ஸ்ட்ரைக் செய்வது அங்கே குற்றம் என்று எழுதிய சட்டம் இல்லை, உரிமை என்று எழுதிய சட்டமும் இல்லை. செய்கிறார்கள், நிறையவே செய்கிறார்கள். வேலை போகுமா, ஜெயிலா, சம்பள உயர்வா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. தனிச் சங்கம் மட்டும் நிச்சயமாக முடியாது.

கடைசியாக ஒன்று. 2021 டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்களும் இனி சங்கத்தில் சேரலாம் என்று ஆயிற்று. அந்தப் பையன்களை வீசாட் குழுக்களில் சேர்த்து ஒருவருக்கொருவர் உதவ வைத்த பெய்ஜிங் டெலிவரி தொழிலாளி ஒருவர், சட்டம் நிறைவேறிய அன்று சிறையில் இருந்தார். பிப்ரவரியில் பிடித்துக்கொண்டு போனவர், 2022 ஜனவரியில்தான் வீடு திரும்பினார்.