திருத்துவதா, மாற்றுவதா? சொக் அப்சோபரின் கதை

எங்கள் அப்பப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருக்கிறது. போன மாதம் அதன் முன்பக்கச் சொக் அப்சோபர் இரண்டிலும் ஒயில் கசிந்திருப்பதைக் கண்டோம். கராச்சில் ஒருவர் "கழற்றித் திருத்தலாம்" என்றார். இன்னொருவர் "இந்தப் பழசை எறிஞ்சுபோட்டுப் புது மாதிரி பூட்டுங்கோ" என்றார். வீட்டில் மூன்று நாள் வாக்குவாதம். யார் சொல்வது சரி என்று தேடப்போய்த்தான், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருப்பது எனக்குத் தெரிந்தது.

முதலில் ஒரு விடயம். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் சொக் அப்சோபரின் வேலை. அது தேய்ந்தால் கார் படகு போல ஆடும், பிறேக் பிடிக்கும்போது சில்லு தரையை விட்டு எழும்பும். ஆகவே இது சொகுசுப் பிரச்சினை மட்டும் அல்ல, உயிர்ப் பிரச்சினையும்தான்.

1900களின் தொடக்கத்தில் வந்தவை உராய்வு வகை. பிரான்சின் ட்ரூஃபோ உருவாக்கியதை அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்ட் விற்றார். தட்டுக்களை ஒன்றோடொன்று இறுக்கி வைத்திருப்பார்கள். தேய்ந்தால் நட்டை இறுக்கலாம், முற்றாகத் தேய்ந்தால் தட்டை மாற்றலாம். அங்கே "எறிவது" என்ற பேச்சே இல்லை.

அடுத்து ஒயில் வகை வந்தது. பிரான்சின் மொரிஸ் ஹூடாய் கண்டுபிடித்த மாதிரியை ஹென்றி போர்ட் தனது மொடல் ஏ (1927 - 1931) காரின் நான்கு சில்லுக்கும் கொடுத்தார். ஒயில் ஊற்ற ஒரு மூடி, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. சொந்தக்காரனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எண்ணிச் செய்த பொருள் அது.

1948 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மொறிஸ் மைனரிலும் இதே எண்ணம்தான். அதில் இருப்பது ஆம்ஸ்ட்ரோங் கைப்பிடி வகை. உள்ளே இரண்டு பிஸ்டன், வெளியே ஒரு கை, மேலே ஒயில் மூடி. அடிக்கடி மூடியைச் சுற்றித் துடைத்து ஒயில் மட்டத்தைப் பார்க்கச் சொல்லும் பராமரிப்புக் கையேடு.

இதற்கிடையே குழாய் வடிவ வகை வளர்ந்தது. அமெரிக்காவில் 1916 இல் ரயருக்குக் காற்றடிக்கும் பம்ப் செய்யத் தொடங்கிய மொன்றோ, 1926 இல் சொக் அப்சோபருக்கு வந்தது. குழாயும் தண்டும் மலிவாக, ஆயிரக்கணக்கில் செய்யக்கூடியவை. ஆனால் வாயை அடைத்து ஒட்டிவிடுவார்கள், திறக்க வழியில்லை. 1950களுக்குப் பின் உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. திருத்தும் கூலியை விடப் புதுசின் விலை குறைவென்றால் யார் திருத்துவார்? நெதர்லாந்தின் கோனி போன்ற சிலர் மட்டும் திறந்து திருத்தக்கூடியவற்றையும் செய்தார்கள்.

எங்கள் ஊரில் கதை வேறு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோலும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின்களையும் பற்றி வீட்டில் கேட்டிருப்பீர்கள். புதுசு வாங்குவதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. திறக்கக்கூடிய பொருள் என்பதால்தான் அவை பிழைத்தன. ஒட்டி அடைத்த பொருளாக இருந்திருந்தால் எத்தனை கார்கள் அன்றே நின்றிருக்கும்!

அதற்காகத் திருத்துவதுதான் எப்போதும் சரி என்று சொல்ல வரவில்லை. கசிகிறது என்று தடித்த ஒயிலை ஊற்றிவிடுவது பலர் செய்யும் பிழை. கொஞ்ச நாள் இறுக்கமாக இருக்கும், உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான். கை திரும்பும் தண்டு உடலுக்குள் ஆடினால் புது சீலும் நிற்காது. உடலைத் துளைத்துப் புதிய புஷ் போட்டு, அதன் பிறகே சீல் போட வேண்டும். அதைச் செய்ய நல்ல லேத் பட்டறை இல்லையென்றால் வேறொன்றை வாங்குவதே மேல்.

"புது மாதிரி பூட்டுங்கோ" என்பதிலும் ஒரு பொறி உண்டு. மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் அந்தச் சொக் அப்சோபரின் கையே சில்லைப் பிடித்திருக்கும் மேல் இணைப்பு. குழாய் வகையைப் பூட்டினாலும் பல மாற்றுத் தொகுதிகளில் பழைய உடல் அங்கேயே இருக்க வேண்டும். தண்டு ஆடினால் சில்லும் சாயும், ரயர் ஒருபக்கம் தேயும், ஸ்ரியரிங் அலையும். காசையும் கொடுத்துப் பழைய நோயையும் வைத்திருப்போம்.

கடைசியில் அப்பப்பா கையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். இடப்பக்கத் தண்டு ஆடவில்லை. அதற்குச் சீல் மாற்றிச் சரியான ஒயில் மட்டும் விட்டோம். வலப்பக்கம் நன்றாக ஆடியது. அது இப்போது லேத் பட்டறையில், புஷ்ஷுக்காகக் காத்திருக்கிறது. திருத்துவதா மாற்றுவதா என்று வாதிட முன், எது தேய்ந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த மூன்று நாளும் மிஞ்சியிருக்கும்.