பென்சிலினை வெட்டும் பாக்டீரியா கத்தரி: ஒரு நொதியின் வடிவம் ஏன் முக்கியம்?

தேஹு ரோடு ஸ்டேஷனில் புனே லோக்கல் ஏறினால், ஆகுர்டி, சிஞ்ச்வட் தாண்டி வருவது பிம்ப்ரி. 1954-ல் அரசின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் பென்சிலின் தயாரிக்கத் தொடங்கப்பட்டது இங்கேதான். அதே புனேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம், அதாவது என்சிஎல், பென்சிலினை வெட்டும் ஒரு பாக்டீரியா நொதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது.

கஷ்டப்பட்டு தயாரிச்ச பென்சிலினை எதுக்கு வெட்டணும்?

பூஞ்சை தரும் பென்சிலினில் கிருமியைக் கொல்ல உதவும் நாற்கோண வளையம் இருக்கிறது. அந்த மூலக்கூறில் ஒரு பக்கச் சங்கிலியும் ஒட்டியிருக்கிறது. சங்கிலியை மட்டும் கழற்றினால் கிடைப்பது 6-ஏபிஏ. அதில் வேறு சங்கிலியைக் கோத்தால் ஆம்பிசிலின், இல்லையென்றால் நீங்க அடிக்கடி கேள்விப்படும் அமாக்ஸிசிலின். ஒரு காலத்தில் இதை மைனஸ் 40 டிகிரி குளிரில், கடுமையான ரசாயனங்களை வைத்துச் செய்தார்கள். அசைலேஸ் நொதியோ தண்ணீரில், கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டில் முடித்துவிடுகிறது, வளையத்தைத் தொடாமல். வளையத்தை வெட்டுவது பீட்டா-லாக்டமேஸ் என்ற வேறொரு பாக்டீரியா நொதி. அது வெட்டினால் மருந்து காலி.

அப்படியென்றால் கத்தரியின் முனை எது?

பேசில்லஸ் ஸ்பேரிகஸ் பாக்டீரியாவின் பென்சிலின் வி அசைலேஸ் எப்படி மடிந்திருக்கிறது என்பதை, 1999-ல் என்சிஎல் குழுவும் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து எக்ஸ்ரே படிகவியல் மூலம் வெளியிட்டன. வெட்டுவது புரத இழையின் முதல் அமினோ அமிலமான சிஸ்டீன். அதன் கந்தக அணு பென்சிலினைத் தாக்க, அதே சிஸ்டீனின் அமினோ முனை துணை நிற்கிறது. ஆனால் நொதி உருவாகும்போது சிஸ்டீனுக்கு முன்னால் இன்னும் சில அமினோ அமிலங்கள் ஒட்டியிருக்கும். அமினோ முனை அந்தப் பிணைப்பில் மாட்டிக்கிடக்கும், வேலை நடக்காது. அந்தத் துண்டு அறுந்தால்தான் நொதிக்கு உயிர் வரும். உறையில் இருக்கும் கத்தி மாதிரி.

தொழிற்சாலைகள் அதிகம் பயன்படுத்துவது ஈ.கோலையின் பென்சிலின் ஜி அசைலேஸ். அங்கே முனையில் நிற்பது செரீன். இரண்டின் அமினோ அமில வரிசையிலும் பெரிய ஒற்றுமை கிடையாது. ஆனால் மடிப்பு ஒரே பாணி. இதைவிட வேடிக்கை, வி அசைலேஸின் நெருங்கிய சொந்தம், குடல் பாக்டீரியாக்கள் பித்த உப்பை உடைக்க வைத்திருக்கும் நொதி. வரிசையை மட்டும் பார்த்தால் இந்த உறவுகளில் பாதி கண்ணில் படாது.

சரி, கத்தரி இருக்கு. வெட்டுவதற்கு பென்சிலின் ஜி வேணுமே? பிம்ப்ரியில் தொடங்கிய நாடு, பின்னாளில் அதற்குச் சீனாவையே பெரிதும் நம்பியிருந்தது. 2020-ல் மத்திய அரசு அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் பென்சிலின் ஜி சேர்க்கப்பட்டது. 2024-ல் காக்கிநாடா அருகே அரபிந்தோ பார்மா குழுமத்தின் ஆலை அதைத் தயாரிக்கத் தொடங்கியது.