மனநலம் குன்றிய மகனுக்கு வீடு எது?

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பது நம் வழக்கம். மணமான ஆண், மனைவியின் வீட்டில் வாழ்கிறார். இந்த ஏற்பாட்டில் மனநோயால் திருமணம் ஆகாமல் உம்மாவின் வீட்டிலேயே தங்கிவிட்ட மகனுக்கு மட்டும் இடமில்லை. பெற்றோர் மவுத்தான பின் அந்த வீடு சகோதரியுடையது. மச்சானுக்குப் பொறுமை இருக்கும்வரைதான் அவர் அங்கே இருக்க முடியும்.

பொறுமை தீர்ந்தால் என்னவாகும் என்பதை இதே கடற்கரை பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இத்தகைய காப்பகங்களில் பலரைக் கொண்டுபோய் விட்டது சொந்தக் குடும்பம்தான்.

மார்க்கத்தில் மனநோய் வாரிசுரிமைக்குத் தடையே அல்ல. சுகமாக இருக்கும் மகனுக்கு எவ்வளவோ, அவருக்கும் அவ்வளவே. "அவனுக்கு எதற்குச் சொத்து, நாங்கள்தானே பார்க்கிறோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குகிறார்கள். புத்தி சுவாதீனம் இல்லாத நிலையில் இடும் கையெழுத்து ஷரீஅத்திலும் செல்லாது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் செல்லாது. சூரத்துந் நிஸாவின் ஐந்தாம் வசனம் விவரமறியாதவர் கையில் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்கிறது. கூடவே அதிலிருந்து அவருக்கு உணவும் உடையும் கொடுக்கவும், அவரிடம் கனிவாகப் பேசவும் சொல்கிறது. பலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வஸிய்யத்தில் அவருக்குக் கூடுதலாக எழுதிவைக்கலாமே என்று கேட்பார்கள். அவர் வாரிசு என்பதால், வாப்பாவின் மவுத்துக்குப் பின் மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டால்தான் அது நிறைவேறும். உறுதியான வழி, உயிரோடு இருக்கும்போதே ஹிபா செய்வது. மகளுக்கு வீட்டை எழுதும் அதே நாளில், ஓர் அறையும் கழிப்பறையும் தனி வாசலும் கொண்ட பகுதியைப் பிரித்து மகன் பெயருக்குப் பதிவு செய்யுங்கள். வலீ என்ற முறையில் வாப்பாவே அவருக்காக அதைக் கைப்பற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் சமம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தேவையும் ஒரு நியாயமான காரணம்.

அடுத்து, பொறுப்பாளர். ஷாஃபிஈ மத்ஹபில் சொத்துக்கு வலீ வாப்பா, பிறகு அப்பா (பாட்டனார்), அவர்களுக்குப் பின் அவர்கள் நியமித்த வஸீ. யாரும் இல்லையென்றால் காழி. காக்கா, தம்பி தாமாகவே வலீ ஆகிவிட மாட்டார்கள். உம்மாவும் அப்படித்தான், ஆனால் அவரை வஸீயாக நியமிக்கலாம், அதுவே சிறப்பு. சாட்சிகளோடு எழுதிவையுங்கள்.

வங்கியும் பதிவு அலுவலகமும் அந்தத் தாளை மட்டும் ஏற்கா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 14-ஆம் பிரிவில் மாவட்ட நீதிமன்றம் வரையறைக்குட்பட்ட காப்பாளரை நியமிக்கலாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன் கீழ் மாவட்டக் குழுவே காப்பாளரை நியமிக்கிறது, அது எளிது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சொல்லும் நியமனப் பிரதிநிதி சிகிச்சைக்கு மட்டுமே, சொத்துக்கு அல்ல.

மத்திய அரசு ஓய்வூதியதாரரின் பிள்ளை மனநோயால் சம்பாதிக்க இயலாதவராக இருந்தால், வயது வரம்பின்றிக் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் தங்கள் அலுவலகத்தில் இப்போதே கேட்டு, மருத்துவச் சான்றோடு பிள்ளையின் பெயரைப் பதிவு செய்துகொள்ளட்டும்.

வஸீயாக யாரை வைப்பது? ஹாங்காங்கிலோ துபையிலோ இருக்கும் மூத்த மகனை அல்ல. ஊரில் இருந்து, மாத்திரை தீர்ந்த அன்றே வாங்கிக் கொடுக்கக்கூடியவரை.