மஞ்சள் சீட்டும் தலையெழுத்தும்

விக்டர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட பிரெஞ்சுப் பெரும்புதினத்தை நாம் 'ஏழை படும் பாடு' என்றே அறிவோம். கவியோகி சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் அதனைத் தமிழாக்கித் தந்தார். 1950இல் அதே பெயரில் திரைப்படமும் வந்தது. அதில் காவல் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்னும் பெயர் இறுதிவரை ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுத் தலைப்பு வறியோர், இழிந்தோர் என இரு பொருளும் தரவல்லது. பாரதியார் இழிவை நீக்கி ஏழ்மையை மட்டும் நிறுத்தினார். அதனைக் குறையென நான் கொள்ளேன். அஃது அவர் வழங்கிய தீர்ப்பு.

இப்புதினத்தைத் 'திருந்திய திருடனின் கதை' என்று வகுப்பறையில் சுருக்கிச் சொல்வாருளர். அதில் எனக்கு உடன்பாடில்லை. தமக்கையின் ஏழு குழந்தைகளின் பசி தீர்க்க ரொட்டி திருடிய ழான் வால்ழானுக்கு 5 ஆண்டுத் தண்டனை; தப்பியோட முயன்றமையால் அது 19 ஆண்டாக நீண்டது. 1815இல் வெளிவந்தவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டு. செல்லும் ஊர்தோறும் அதனைக் காட்டியாக வேண்டும். காட்டினால் சோறுமில்லை, படுக்கையுமில்லை. ஆயர் மிரியேல் மட்டுமே கதவைத் திறந்தார். அவர் வீட்டு வெள்ளித் தட்டுகளையே அவன் திருடியபோதும், அவற்றைத் தாமே கொடுத்ததாகக் காவலரிடம் கூறி, மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்தளித்தார். அவன் மீட்சி அங்கே தொடங்குகிறது. எனினும் திருந்த வேண்டியவன் அவன் ஒருவன்தானா?

வால்ழான் தூலோன் சிறையில் விலங்கு பூண்டிருந்ததாகக் கதை கூறும் அதே காலத்தில், நம் பினாங்குத் தீவும் ஒரு தூலோனாகவே இருந்தது. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இங்கு வந்திறங்கினர். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். அடுத்த ஆண்டே சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி, கிளர்ச்சியாளர் பலருடன் இத்தீவுக்கு அனுப்பப்பட்டார். சின்ன மருதுவிடம் ஒருகாலத்தில் நட்புக் கொண்டிருந்த ஆங்கிலப் படையதிகாரி வெல்சு, 1818இல் இங்கு அவரைச் சந்தித்தார். இளமையிலேயே முதுமை எய்தி உருக்குலைந்த அக்கோலத்தைக் கண்டு வருந்தித் தம் நினைவு நூலிலும் எழுதினார். வருந்தினார், அவ்வளவே. மிரியேல் ஆக அவரால் இயலவில்லை.

பிரான்சில் மஞ்சள் சீட்டு. இங்கோ அதனினும் கொடியது. வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் தண்டனை பெற்றோரின் நெற்றியிலே குற்றத்தைப் பச்சை குத்தினர். 1849இல்தான் அக்கொடுமை சட்டப்படி ஒழிந்தது. சீட்டையேனும் கிழித்தெறியலாம், வால்ழான் பெயர் மாற்றி மேயராகவும் உயர்ந்தான். நெற்றியை எங்கே ஒளிப்பது? தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டியோர் உண்டு. 'தலையெழுத்து' என்று நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்வதை அரசாங்கமே ஊசி கொண்டு எழுதியது!

ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுவது முறையன்று. நீரிணைக் குடியேற்றங்களில் கைதிகளை வகுப்புகளாகப் பிரித்து, நன்னடத்தையால் மேல்வகுப்பை எய்தியோரை வெளியே தம் உழைப்பால் வாழ விட்டனர். தொழில் கற்று, மணம்புரிந்து, இம்மண்ணிலேயே நிலைத்தோர் பலர். சாலைகளும் கட்டடங்களும் அவர்தம் வியர்வையில் எழுந்தன. மீட்சிக்கு ஓரளவேனும் கதவு திறந்த ஏற்பாடு அது. மலிவான உழைப்புக்காகத் திறந்த கதவு என்பதும் மெய்யே.

ஜாவர் கொடியவனல்லன். சட்டத்தை எழுத்துப் பிசகாமல் நம்பியவன். அத்தகைய நம்பிக்கையின் விளைவைக் காணக் கடல் தாண்டிச் செல்ல வேண்டியதில்லை. கைதிகளுக்குப்பின் கூலிகள் வந்தனர். நம் சுங்கை பாக்காப் அமைந்துள்ள தென் செபராங் பிறையில் கரும்புத் தோட்டங்கள் செழித்த நாளில், ஒப்பந்தத் தமிழர் எக்குற்றமும் செய்யாமலே வந்தவர்கள். ஆனால் தவணை முடியுமுன் தோட்டத்தை விட்டு அகன்றால், அதுவே குற்றமாகிச் சிறை வாயிலில் கொண்டு நிறுத்தியது. வறுமையால் கையொப்பமிட்டவன், கால் பெயர்த்தால் குற்றவாளி. 1910இல்தான் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இங்கு அனுப்பும் முறை நிறுத்தப்பட்டது.