லியரின் கோமாளியைக் காணவில்லை

1681 தொடங்கி 1838 வரை, ஏறத்தாழ 157 ஆண்டுகள், இங்கிலாந்தின் மேடைகளில் ‘லியர் அரசன்’ என்று ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்த நாடகத்தில் லியர் சாகவில்லை. கார்டீலியாவும் சாகவில்லை. கோமாளி என்று ஒருத்தன் அதில் இருக்கவே இல்லை. நேஹம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் பிரதியைத் திருத்தி எழுதியிருந்தார். அதில் கார்டீலியாவுக்கும் எட்கருக்கும் காதல். கடைசியில் லியருக்கு அரியணை திரும்பக் கிடைக்கிறது. அதை மகளுக்கும் மருமகனுக்கும் தந்துவிட்டு, க்ளாஸ்டர், கெண்ட் என்ற இரண்டு கிழவர்களைக் கூட்டிக்கொண்டு நிம்மதியாக ஒதுங்கிக் கொள்கிறான். சுபம். நம்ம சினிமாக்காரர்களைச் சும்மா திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். ஆங்கிலத் துன்பியல் நாடகங்கள் எனக்கு வந்து சேர்ந்தது ‘ஒப்பிலக்கியம்’ என்ற தாள் வழியாக. அதில் ஒவ்வொரு நாயகனுக்கும் ஒரு வியாதி உண்டு. ஹாம்லெட்டுக்குத் தயக்கம், ஒதெல்லோவுக்குச் சந்தேகம், மக்பெத்துக்குப் பேராசை, லியருக்கு முன்கோபம். நாட்டு வைத்தியர் சீட்டு எழுதுகிற மாதிரி. இந்தச் சீட்டின் மூலம் 1904இல் வந்த ஏ.சி. பிராட்லியின் புத்தகம். பிராட்லி இவ்வளவு தட்டையான ஆள் கிடையாது; நோட்ஸ் போடுகிறவர்கள் கையில் சிக்கி அவர் இப்படி ஆகிவிட்டார். ஆனால் பாத்திரத்தின் குணக்கேட்டுக்குள் நாடகத்தை அடைத்துவிடும் இந்த வாசிப்பிடம் ஒரு கேள்வி கேட்கலாம். ஒரு கிழவனின் முன்கோபம்தான் விஷயம் என்றால், அந்த முடிவை மேடையேற விடாமல் 157 வருஷம் ஏன் மெனக்கெட வேண்டும்?

லியர் கதை ஷேக்ஸ்பியர் உண்டாக்கியது இல்லை. மான்மத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய பிரிட்டன் அரசர் வரலாற்றிலேயே இருக்கிறது. ஆசிரியர் பெயரில்லாத பழைய லியர் நாடகம் ஒன்று 1605இல் அச்சாகியிருக்கிறது. இரண்டிலும் அரசன் ஜெயிக்கிறான், முடி திரும்ப வருகிறது. ஆக, தெரிந்த கதையின் நல்ல முடிவை உடைத்துப் போட்டவர் ஷேக்ஸ்பியர். 1606 டிசம்பர் 26 அன்று ஒயிட்ஹால் அரண்மனையில் முதலாம் ஜேம்ஸ் முன்னால் நாடகம் நடந்ததென்று 1608இல் வந்த முதல் பதிப்பின் முகப்பே சொல்கிறது. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒரே ராஜ்யமாக்க ஜேம்ஸ் முட்டிமோதிக் கொண்டிருந்த காலம் அது. அவருடைய மூத்த மகனுக்குக் கார்ன்வால் பிரபு என்றும், இளையவனுக்கு ஆல்பனி பிரபு என்றும் பட்டம். லியரின் மருமகன்கள் பட்டமும் அதே கார்ன்வால், அதே ஆல்பனி. வரைபடத்தை விரித்து நாட்டைப் பங்கு போடும் அந்த முதல் காட்சியை அரண்மனைக்காரர்கள் வெறும் குடும்பக் கதையாகப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே நாடகத்துக்குள் இன்னொரு இங்கிலாந்தும் நடமாடுகிறது. தகப்பனால் துரத்தப்பட்ட எட்கர் உடம்பில் சேறு பூசிக்கொண்டு பைத்தியக்காரப் பிச்சைக்காரனாக, ‘ஏழை டாம்’ ஆக, வேஷம் போடுகிறான். அன்றைக்கு இந்த வேஷம் சட்டப் புத்தகத்திலிருந்து நேரே இறங்கி வந்தது. வேலையின்றி, எஜமானன் இன்றி அலைகிறவனைச் சவுக்கால் அடித்து, வலது காதின் குருத்தெலும்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளை போடச் சொன்னது 1572ஆம் வருஷத்துச் சட்டம். பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகப் போகும் நாடகக்காரர்களும் அந்தப் பட்டியலில்தான் இருந்தார்கள். ஷேக்ஸ்பியரின் குழு 1603இல் அரசரின் குழுவானது. சீருடை இல்லையென்றால் அவர்களும் டாம்கள்தான். விவசாய நிலங்கள் வேலியடைக்கப்பட்டு ஆட்டு மேய்ச்சலாகிக் கொண்டிருந்தன. அரண்மனையில் நாடகம் நடந்த மறு வருஷமே, 1607இல், ஷேக்ஸ்பியரின் சொந்த வாரிக்‌ஷயர் உட்பட மூன்று மாவட்டங்களில் ஜனங்கள் வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். நியூட்டன் என்ற ஊரில் 40, 50 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

புயலில் நனையும் லியருக்குக் கூரையில்லாதவர்கள் ஞாபகம் வருகிறது. இவர்களை நான் கவனிக்கவே இல்லையே என்று வருந்துகிறான். மனிதாபிமான விமர்சகர்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். எனக்கு அவ்வளவு கலங்குவதில்லை. செங்கோல் கையில் இருந்தவரை வராத ஞானம் அது. நாடகத்தின் உண்மையான கலகம் வேறிடத்தில், ஒரு பெயரில்லாத ஆளிடம் இருக்கிறது.

மூன்றாம் அங்கத்தின் ஏழாம் காட்சி. கிழவன் க்ளாஸ்டரைக் கட்டிப்போட்டுக் கார்ன்வால் ஒரு கண்ணைப் பிடுங்கிவிட்டான். அடுத்த கண்ணுக்குப் போகிறான். அப்போது அவனுடைய வேலைக்காரன் ஒருவன் ‘நிறுத்துங்கள்’ என்கிறான். சின்னப் பிள்ளையிலிருந்து அந்த வீட்டில் வேலை பார்த்தவன். இவ்வளவு காலம் செய்த ஊழியத்திலேயே பெரிய ஊழியம் இப்போது உங்களைத் தடுப்பதுதான் என்கிறான். விசுவாசம் என்ற ஆண்டைகளின் சொல்லையே எடுத்து, அதை வாளாக்கி ஆண்டைக்கு எதிரே நீட்டுகிறான். கார்ன்வாலுக்குப் படும் காயம் பிறகு அவன் உயிரையே வாங்கிவிடுகிறது. குடியானவன் ஒருத்தன் இப்படி எழுந்து நிற்பதா என்று ரீகனுக்குத் தாங்கவில்லை, பின்னாலிருந்து குத்துகிறாள். பிணத்தைக் குப்பைமேட்டில் வீசச் சொல்கிறார்கள். மொத்தமாகப் பத்து வரிகூடப் பேசாதவன். ‘வேலைக்காரன்’ என்றுதான் பிரதியில் போட்டிருக்கிறது. எந்தப் பரீட்சையிலும் ‘பாத்திரப் படைப்பு’ என்று இவனைப் பற்றிக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் இந்த நாடகத்தில் ஆளும் ஒருவனை எதிர்த்துக் கீழேயிருந்து ஆயுதம் தூக்குகிறவன் இவன் ஒருவன்தான். ஆல்பனி நல்லவன், வெகுநேரம் யோசிக்கிறான். கெண்ட் விசுவாசி, மாறுவேஷம் போட்டாவது ராஜாவுக்கே சேவகம் செய்கிறான்.

க்ளாஸ்டரின் காயத்துக்கு முட்டை வெள்ளைக்கரு வைத்துக் கட்டலாம் என்று மிச்சமிருக்கும் இரண்டு வேலைக்காரர்கள் பேசிக்கொள்வது 1608 பதிப்பில் இருக்கிறது. 1623 பெரும்பதிப்பில் இல்லை. லியர் தன் மூத்த மகள்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, பிச்சைக்காரனையும் கோமாளியையும் நீதிபதிகளாக உட்காரவைக்கும் பைத்தியக்கார விசாரணையும் அப்படியே: முதலதில் உண்டு, பின்னதில் இல்லை. இரண்டையும் குழப்பி ஒரே நாடகமாக அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்புதான் இரண்டு லியர் என்று தனித்தனியாகப் போட்டது. மூலப்பிரதி என்று ஒன்றைக் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்கடம்தான். அந்த வெட்டு யாருடைய கை என்பதில் சண்டை ஓயவில்லை. வெட்டுப்பட்டவற்றில் கீழே இருக்கிறவர்களின் பேச்சும் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இனி டேட். 1649இல் இங்கிலாந்து ஒரு அரசனின் தலையை வெட்டியது. 1660இல் அவன் மகனைத் திரும்ப அழைத்து வந்தது. 1681 வாக்கில் அடுத்த வாரிசு யார் என்று நாடு பிளந்து கிடக்கிறது; மன்னரின் முறைதவறிப் பிறந்த மகன் மான்மத் பிரபுவுக்கு ஒரு கோஷ்டி கொடி பிடிக்கிறது. முறைதவறிப் பிறந்த எட்மண்டின் சதிப்பேச்சோடு டேட்டின் நாடகம் தொடங்குவதன் ருசி இப்போது புரியும். இதற்குச் சற்று முன்புதான், அரசனைப் பதவியிறக்கும் கதையான ‘இரண்டாம் ரிச்சர்ட்’டை டேட் தழுவி எழுத, அதைத் தடை செய்துவிட்டார்கள். அடிபட்டவர் அரியணை திரும்பும் கதையை எடுத்துக்கொண்டார். டேட்டின் லியரில் குடியானவர்கள் கிளர்ந்தெழவும் செய்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. ராஜாவைத் திரும்பக் கொண்டுவருவதற்காக! ஷேக்ஸ்பியரிடம் ஒற்றை வேலைக்காரன் செய்ததை இங்கே கூட்டமே செய்கிறது, தலைகீழாக.

இந்த ஏற்பாட்டில் கோமாளிக்கு என்ன வேலை? முடியைக் கொடுத்தவனுக்கு மூளையில்லை என்று முகத்துக்கு நேரே பாடுகிறவன் அவன். சவுக்கடி பயத்தோடேயே உண்மை பேசுகிற கூலிக்காரன். திரும்பி வந்த ராஜாக்களின் மேடையில் அவனுக்கு இடமில்லை.

பார்வையாளர்கள் ஏமாற்றப்பட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜான்சன் 1765இல் தன் பதிப்பில், கார்டீலியாவின் சாவு தன்னை உலுக்கிவிட்டதால் பதிப்பிக்க வேண்டிவரும் வரை கடைசிக் காட்சிகளைத் திரும்பப் படிக்கவே தாங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். நல்லவர் வாழ வேண்டும் என்ற ஆசையில் கபடம் ஒன்றுமில்லை. அந்த ஆசையை அரியணையோடு முடிச்சுப் போட்டதுதான் டேட்டின் கெட்டிக்காரத்தனம். அதுவும் எப்போதும் செல்லுபடியாகவில்லை. மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்தபோது, 1810இலிருந்து பத்து வருஷம் லியர் மேடைக்கே வரவில்லை. பைத்தியக்கார ராஜாவை நல்ல முடிவோடுகூடக் காட்ட முடியாது. 1820இல் ஜார்ஜ் செத்தார், சில மாதங்களில் நாடகம் வந்தது. 1823இல் எட்மண்ட் கீன் துணிந்து துயர முடிவைப் போட்டுப் பார்த்தார். கூட்டம் ஒப்பவில்லை, பழையபடி டேட்டுக்கே திரும்பினார்.

கோமாளி வந்தது 1838 ஜனவரியில், மக்ரெடியின் தயாரிப்பில். அவனைச் சேர்க்கலாமா என்று கடைசி நேரம் வரை தயங்கி, பிரிசில்லா ஹார்ட்டன் என்ற இளம் நடிகையிடம் அந்த வேஷத்தைக் கொடுத்தார் மக்ரெடி. பூஞ்சையான, அழகான பையனாக வந்தால் கோமாளி பயமுறுத்த மாட்டான் என்ற கணக்கு. நூற்றைம்பது வருஷத்துக்குப் பின் உள்ளே விட்டார்கள், பல்லைப் பிடுங்கிவிட்டு.

நம் காலத்து ஆட்களும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடவில்லை. 1962இல் பீட்டர் புரூக்கின் புகழ்பெற்ற தயாரிப்பு, உலகத்தில் இரக்கமே இல்லை என்று காட்டுவதற்காக, முட்டை வெள்ளைக்கரு தேடிப் போகும் அந்த இரண்டு வேலைக்காரர்களை நீக்கியது. டேட் ராஜாவுக்காக வெட்டினார். புரூக் தத்துவத்துக்காக. எனக்கு இரண்டாவது வெட்டில்தான் கோபம் அதிகம், ஏனென்றால் அதை நாம் முற்போக்கு என்று கைதட்டி வரவேற்றோம்.

1971இல் சோவியத் இயக்குநர் கோஸிந்த்செவ் எடுத்த படத்தில் முதல் காட்சியே கந்தல் கட்டிய ஜனங்கள் நடந்து போவது. புயலில் லியர் நுழையும் குடிசையில் ஏழை டாம் தனியாக இல்லை. குடிசை நிறையப் பிச்சைக்காரர்கள். ஷேக்ஸ்பியரிடம் மூன்றாம் அங்கத்தோடு காணாமல் போய்விடும் கோமாளி இதில் கடைசி வரை இருக்கிறான். அரச குடும்பத்துப் பிணங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வழியில் குந்தி அழுகிறவனைச் சிப்பாய் ஒருத்தன் காலால் ஒதுக்குகிறான். கோமாளி குழலை எடுத்து ஊதத் தொடங்குகிறான்.